பலாப்பால் குடித்த கட்டர்

தம்பிகளா, எனக்குப் பேசிப் பழக்கமில்லை. தண்ணீருக்கு அடியில் பேச்சுக்கு வேலை கிடையாது. மேலே வந்தால் என் வீட்டுக்காரி பேசிக்கொள்வாள். இப்படியே என் காலம் சௌகரியமாக ஓடிவிட்டது. இப்போது ஓய்ந்து உட்கார்ந்த பிறகு, கிணற்றிலும் ஏரியிலும் மூழ்கி வேலை பார்க்க வந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்கிறார்கள். ஐந்தாவது வரைதான் படிப்பு. எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இருக்காது. பட்டது.

விழுந்த மோட்டாரைத் தூக்குவது, குழாய் அடைப்பு எடுப்பது எல்லாம் கூட இறங்கினால் ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும். அதை எழுதப் போவதில்லை. உங்கள் தோள்வாரில் மாட்டியிருக்கிறதே ஒரு சின்னக் கட்டர், அதைப் பற்றி எழுதுகிறேன்.

அதை நீங்கள் ஒரு சாமானாகவே மதிப்பதில்லை. போன வாரம் வந்து பார்த்தேன். ஒருவர் அதில் பாக்குப் பொட்டலம் கிழித்தார். இன்னொருவர் நகம் சீவிக்கொண்டிருந்தார். நான் திட்டவில்லை. திட்டுகிற யோக்கியதை எனக்கு இல்லை.

எனக்குக் கட்டர் கொடுத்தவர் துறைமுகத்தில் மூழ்கினவர். ஒரு அணையில் மதகு வேலைக்கு வந்தார். மூன்று நாள் எங்களோடு இறங்கினார். கிளம்பும்போது என் இடுப்பில் இருந்த பெரிய கத்தியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தன்னுடைய கட்டரைக் கழற்றிக் கொடுத்தார். உள்ளங்கையில் அடங்கும். மஞ்சள் பிளாஸ்டிக். ஒரு ஓரத்தில் கொக்கி மாதிரி வளைந்த வாய். அந்த வாய்க்குள் பிளேடு. விரல் நுழையாது. பென்சில் கனம் வரைக்கும் கயிறு நுழையும். நுழைத்து இழுத்தால் தீர்ந்தது. முனை இல்லாததால் கலங்கல் தண்ணீரில் நம் தொடையிலேயே குத்திக்கொள்ள முடியாது. காற்றுக் குழாய் தடிமன், அதனால் அதுவும் வாய்க்குள் போகாது. நம்மைவிடப் புத்திசாலியான சாமான்.

மூன்று விஷயம் சொன்னார்.

"வேல முடிஞ்சதும் நல்ல தண்ணில அலசுங்க அண்ணாச்சி. ஈரத்தோட உறையில வைக்காதீங்க. கரையில இதத் தொடவே தொடாதீங்க."

"கரையில ஏனுங்க தொடக்கூடாது?"

"கரையில கத்தி கெடைக்கும்லா."

முதல் இரண்டையும் ஒழுங்காகச் செய்தேன். மூன்றாவது என்னால் ஆகவில்லை. புதுச் சாமான் கையில் இருந்தால் கை சும்மா இருக்குமா? பேளுக்குறிச்சிச் சந்தையில் யார் மூட்டையோ, கேட்காமலே தையல் பிரித்துக் கொடுத்தேன். பஸ்ஸில் ஒரு அம்மாளிடம் பூச்சரத்தை வாங்கி இரண்டாக வெட்டிக் கொடுத்தேன். அவர் கேட்டது நேரம் என்ன என்று. வீட்டில் கோழிக்குஞ்சின் காலில் சுற்றியிருந்த நூலை வெட்டினேன். அந்த ஒன்றுதான் உபயோகமான வேலை.

பழைய கத்தியைக் கிழங்கு வெட்ட வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டேன்.

"ஏனுங்க, இதயும் இடுப்புல வெச்சுக்கிட்டாத்தான் என்னங்க?"

"அதான் கட்டரு இருக்குதே."

"அது வெட்டலீன்னா?"

"வெட்டும் புள்ள."

இந்த இடத்தில் என் வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேரைச் சொல்லவில்லை. சொன்னால், 'பேரெல்லாம் எதுக்கு எழுதினீங்க' என்று ஒரு வாரம் கேட்பாள். நான் இறங்கும்போதெல்லாம் கரையில் கயிறு பிடித்தவள் அவள்தான். குழாய் வழியாக எனக்குக் காற்று அனுப்புகிற கம்ப்ரஸரை ஓட்டுவதும் அவள்தான். ஆண்கள் கயிறு பிடித்தால் பராக்குப் பார்ப்பார்கள். இவள் வாய் ஊரெல்லாம் பேசும், கண் மட்டும் கயிற்றைவிட்டு நகராது.

இரண்டாயிரம் பிறந்த புதிது. மாசி மாதம். கொல்லிமலையில் தேவனூர் நாட்டுப் பக்கம் ஒரு ஊர். ஊருக்குக் கீழே தடுப்பணை. அதிலிருந்து மோட்டார் தண்ணீரை இழுத்து மேலே டாங்கிக்கு ஏற்றும். நாலு நாளாக மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. பெண்கள் சரிவில் இறங்கி ஊற்றுத் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தார்கள். மோட்டார் போடுகிற வெள்ளையன் எங்களைத் தேடி அடிவாரத்துக்கே வந்துவிட்டார். போனோம்.

இறங்குவதற்கு முன் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"உள்ளார வலை கிலை ஏதாச்சும் கெடக்குதுங்களா?"

"வலையா? இதுல மீனே கெடையாதுங்களே" என்றார் வெள்ளையன்.

குடத்தோடு நின்ற செல்லி என்கிற அம்மாள் பின்னாலிருந்து சொன்னார்: "மீனு இல்லீனாத்தான் ஞாயித்துக்கெழமையானா அவரு ஊட்டுல கொழம்பு மணக்குது."

"அது கருவாடு அக்கா."

"நாலு கருவாடு வாலாட்டுனதப் பாத்தனே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு மறுபடி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஊர் சிரிக்கிறபோது அதற்குள் ஒரு சேதி இருக்கும். மூழ்குகிறவன் அதைக் காதில் வாங்க வேண்டும்.

அடுத்த தப்பு உடனே வந்தது. கரையோரம் செல்லியின் பலாமரம். பிஞ்சு தொங்குகிறது. வீட்டுக்காரி பொரியலுக்கு இரண்டு கேட்டாள். "இருங்க, அருவா எடுத்தாரேன்" என்று செல்லி திரும்பினார்.

"அருவா எதுக்குங்க" என்றேன்.

கட்டரை எடுத்துக் காம்பில் கொடுத்து ஒரே இழு. இழுத்த இழுப்பில் பிஞ்சு என் கைக்கு வந்தது. பெண்கள் வாயில் கை வைத்தார்கள். இரண்டு போதும் என்றவளுக்கு ஐந்து பறித்தேன். கன்றுக்குட்டி மடியில் முட்டிக் குடிப்பதுபோல் கட்டர் வாய் நிறையப் பலாப்பால் குடித்தது. நான் வெளிப்பக்கத்தை வேட்டியில் துடைத்தேன். உள்ளே துடைக்கவில்லை. பிளேடு இருக்கிற இடத்தில் விரலை விடுவானேன்?

துறைமுகக்காரர் சொன்னதில் மூன்றாவது அன்றைக்கு வேலை செய்ய ஆரம்பித்தது. எனக்குத் தெரியாது.

சாமான்களைக் கட்டி முடிக்க அரைமணி. மலைக் குளிருக்குச் சளி பிடிக்கும் என்று வீட்டுக்காரி என் தலையில் விளக்கெண்ணெயை ஊற்றித் தேய்த்தாள். நெற்றியில் வழிந்தது. ஊரே பார்க்கிறது, போதும் என்றேன். இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். பிறகு என் மார்பில் கயிறு கட்டினாள். எங்கள் கணக்கு இது: ஒரு இழு என்றால் நல்லா இருக்கிறேன். இரண்டு, கயிற்றை விடு. மூன்று, தூக்கு.

கம்ப்ரஸரில் பெட்ரோல் நிறைய ஊற்றினால் முக்கால் மணி ஓடும். நடுவில் ஊற்ற வேண்டுமானால் எஞ்சினை நிறுத்த வேண்டும். ஆள் உள்ளே இருக்கும்போது நிறுத்த முடியாது. அதனால் அரைமணியில் நான் மேலே வந்துவிடுவேன். இதை மனதில் வையுங்கள்.

இறங்கினேன். இருபது அடி ஆழம் இருக்கும். தண்ணீர் டீத்தண்ணி நிறம். தடவித் தடவி, தண்ணீரை உறிஞ்சுகிற குழாயின் வாயைக் கண்டுபிடித்தேன். அதைச் சுற்றி நைலான் வலை, பந்து மாதிரி. வெள்ளையனின் கருவாடு எங்கிருந்து வந்தது என்று புரிந்தது. பிடித்து இழுத்தேன். இழுத்தது பாதி வலை. மீதிப் பாதி என் முதுகுக்குப் பின்னால் மிதந்துகொண்டிருந்தது. அது வந்து போர்வை மாதிரி என்மேல் விழுந்தது.

என்ன என்று திரும்பிப் பார்த்தேன். அதுதான் செய்யக்கூடாதது. திரும்பின ஒவ்வொரு திருப்புக்கும் வலை ஒரு சுற்றுச் சுற்றியது. இடது கால், தோள்வார்க் கொக்கி, காற்றுக் குழாய், எல்லாம் வலைக்குள்.

பரவாயில்லை, கட்டர் இருக்கிறது என்று எடுத்தேன். ஒரு நூலைக் கொக்கியில் மாட்டி இழுத்தேன். அறவில்லை. இன்னொன்று. அதுவும் அறவில்லை. பல் இல்லாத கிழவன் சீடை மெல்லுகிற மாதிரி இருந்தது. விரல் நகத்தால் வாய்க்குள் தொட்டேன். பிசின். ஐந்து பிஞ்சின் பால் கெட்டியாக ஒட்டியிருந்தது.

மூன்று இழு இழுக்கலாம். இழுத்தால் என்ன ஆகும்? என் வீட்டுக்காரி தனியாகத் தூக்க மாட்டாள். ஊர் ஆண்கள் எல்லாம் கயிற்றைப் பிடிப்பார்கள். நான் வலையோடு இறுகுவேன். காற்றுக் குழாய் வாயிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். 'மாட்டிக்கொண்டேன், ஆனால் இழுக்காதே' என்பதற்கு எங்களிடம் சைகையே இல்லை. அத்தனை வருடம் வேலை பார்த்த எனக்கு அது அன்றைக்குத்தான் தெரிந்தது. எஞ்சினில் இன்னும் எவ்வளவு பெட்ரோல் இருக்கும் என்று யோசித்தேன். யோசித்ததில் மூச்சு வேகமானதுதான் மிச்சம்.

அப்போது நான் செய்தது ஒன்றுமில்லை. நிஜமாகவே ஒன்றுமில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். பத்து மூச்சு எண்ணினேன். அந்தப் பத்து மூச்சில் கை கால் ஆட்டியிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

பத்தாவது மூச்சில் புத்தி வந்தது. பலாப்பிசின் எதற்குப் போகும்? எண்ணெய்க்கு. எண்ணெய் எங்கே இருக்கிறது?

கட்டரைத் தலையில் வைத்துத் தேய்த்தேன். எண்ணெய் ஊறின முடியைக் கொத்தாகக் கொக்கி வாய்க்குள் திணித்து, முன்னும் பின்னும் இழுத்தேன். விளக்கெண்ணெய் தண்ணீருக்குச் சட்டென்று போகிற சாதி இல்லை. முதலில் வழுக்கியது. பிறகு பிடித்தது. பிறகு சரக்கென்று ஒரு கொத்து முடி கையோடு வந்தது. சந்தோஷமாக இருந்தது. முடி போய் ஒரு மனிதன் அவ்வளவு சந்தோஷப்பட்டு நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

காலைச் சுற்றினதை வெட்டினேன். தோள்வார்க் கொக்கியில் மாட்டினதை வெட்டினேன். தோளுக்கு மேலே கனமாக ஒரு கயிறு விறைப்பாக நின்றது. வலையின் மேல் கயிறு, இதுதான் என்னைப் பிடித்திருக்கிறது என்று நினைத்தேன். சுற்றியிருந்த நூலோடு சேர்த்துக் கட்டரைக் கொடுத்து இழுத்தேன். அறுந்தது. அறுந்த முனை விர்ரென்று மேலே போனது.

வலைக் கயிறு எதற்கு மேலே போகிறது?

மார்பைத் தடவிப் பார்த்தேன். ஒரு முழம் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. நான் வெட்டினது என் கயிறு.

கரையில் நடந்ததை மூன்று பேர் தனித்தனியாகச் சொன்னார்கள். மூன்றும் ஒத்துப்போவதால் எழுதுகிறேன். கயிறு கையில் லேசானதும் வீட்டுக்காரி சுருட்டியிருக்கிறாள். வெறும் முனை வந்தது. செல்லி ஒப்பாரியே ஆரம்பித்துவிட்டார். இரண்டு பேர் சட்டையைக் கழற்றிக் குதிக்கப் போனார்கள்.

"ஒருத்தரும் எறங்கக்கூடாதுங்க" என்றிருக்கிறாள். "குமிழியப் பாருங்க. விட்டு விட்டு வருது. மூச்சு வாங்கறாரு. இந்த முனையப் பாருங்க. அறுந்துதுன்னா நார் நாராப் பிரிஞ்சிருக்கும். இது வெட்டுனது. வெட்டறதுக்குக் கை வேணுமில்லீங்க?"

முனையோடு இரண்டு மூன்று வலை நூலும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அதை அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போது வெள்ளையன் எட்டிப் பார்த்தார். மஞ்சள் நைலான், பென்சில் கனம். நாங்கள் வாங்கின அதே சந்தைக் கடையில்தான் அவரும் தன் வலைக்குக் கயிறு வாங்கியிருக்கிறார். மனிதருக்குப் பதற்றத்தில் வாய் முந்திவிட்டது.

"இது என் கயிறு இல்லீங்க. நான் முனையத் தீயில உருக்கி வெச்சிருப்பேன்."

ஊரே அவர் பக்கம் திரும்பியது.

"உங்க கயிறு எங்கீங்க இருக்குது?" என்று கேட்டிருக்கிறாள்.

வெள்ளையன் தண்ணீரைப் பார்த்தார்.

நானாக இருந்தால் அவர் கழுத்தைப் பிடித்திருப்பேன். செல்லி குடத்தை ஓங்கிவிட்டாராம். வீட்டுக்காரி ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்ட நேரமில்லை. எஞ்சின் சத்தம் அவள் காதில் இருந்தது.

"வலையோட அந்தக் கோடி எதுலீங்க கட்டியிருக்குது?"

"நாவல் மரத்து வேருலீங்க."

"ஓடிப் போயி அவுத்து வுடுங்க அண்ணா. இழுத்துப்போடாதீங்க. அவுத்து வுட்டாப் போதும்."

வெள்ளையன் வேட்டி அவிழ ஓடியிருக்கிறார். அவிழ்த்தும் விட்டார். வேட்டியையும் வலையையும்.

கீழே எனக்கு வலை திடீரென்று தொளதொளத்தது. நம் கட்டர்தான் பிடிக்க வேண்டிய நூலைப் பிடித்துவிட்டது என்று பெருமைப்பட்டேன். மீதியை நாலு வெட்டில் முடித்து, காற்றுக் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டே மேலே வந்தேன். கரையேறி முகமூடியைக் கழற்றினேன். ஐந்தாறு நிமிடம் கழித்து எஞ்சின் இரண்டு முறை இருமி நின்றது.

செல்லிதான், கண்ணைத் துடைத்துக்கொண்டே என் தலையைப் பார்த்தார்.

"ஐயோ சாமி, உள்ளார எலி இருக்குதுங்களா?"

உச்சியில் ஒரு கை அகலம் சொட்டை. ஊர் சிரித்த சிரிப்பில் காக்கை எல்லாம் பறந்தது.

"கயிறு ஏனுங்க அறுந்துச்சு?" என்று ஒருவர் கேட்டார்.

என் வீட்டுக்காரி கையில் அந்த முனையோடு நிற்கிறாள். அத்தனை பேர் முன்னால், சொட்டையும் விழுந்த பிறகு, என் கயிற்றை நானே வெட்டிக்கொண்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"நான்தான் வெட்டி அனுப்புனேன். நல்லா இருக்கேன்னு சேதி."

"பாத்தியா, தொழில்காரன் தொழில்காரந்தான்" என்றார்கள். வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். அவள் ஒன்றும் சொல்லாதது எனக்குப் பயமாக இருந்தது.

பெட்ரோல் ஊற்றி மறுபடி இறங்க வேண்டும். கட்டரைக் கேட்டு வாங்கினாள். ஒரு குச்சியில் துணி சுற்றி, எண்ணெய் தொட்டு வாய்க்குள் துடைத்தாள். முந்தானை ஓரத்தில் ஒரு நூல் உருவி, "இத வெட்டுங்க" என்றாள். வெட்டினேன். அதற்குப் பிறகுதான் கயிறு கட்டினாள். போய் வலையை எடுத்தேன். உள்ளே ஏழு மீன் இருந்தது. மத்தியானம் டாங்கியில் தண்ணீர் விழுந்தது. மீனை வெள்ளையன் தொடவில்லை. செல்லி தொட்டார்.

ஆகவே தம்பிகளா: ஒவ்வொரு முறை இறங்கும் முன்னும் ஒரு நூலை வெட்டிப் பாருங்கள். நேற்று வெட்டியது இன்றைக்குக் கணக்கில்லை. வேலை முடிந்ததும் வாய்க்குள் மெல்லிய பிரஷ் விட்டு அலசி, நிழலில் உலர்த்தி, ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். பிளேடில் துருப் புள்ளி கண்டால் அன்றே மாற்றுங்கள். இரண்டு வையுங்கள், எந்தக் கை மாட்டினாலும் மற்றக் கைக்கு ஒன்று எட்டுகிற மாதிரி. வெட்டப் போகிற கயிறு எங்கே போகிறது என்று இரண்டு பக்கமும் தடவிவிட்டு வெட்டுங்கள். நாங்கள் ஐந்து இழு என்று ஒன்று சேர்த்துக்கொண்டோம்: மாட்டிக்கொண்டேன், இழுக்காதே. உங்களிடம் அது இல்லாவிட்டால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இது எல்லாம் சாமான் சங்கதி. இன்னொன்று பாக்கி.

சாயங்காலம் செம்மேட்டில் பஸ் ஏறினோம். வீட்டுக்காரி மடியில் பலாப்பிஞ்சுப் பை. மலை இறங்க எழுபது வளைவு. ஒவ்வொன்றிலும் நம்பர் போட்டிருக்கும். வழக்கமாக எழுபதுக்கும் பேசிக்கொண்டு வருகிறவள் பத்துப் பதினைந்து வளைவு வாயைத் திறக்கவில்லை. பிறகு,

"ஏனுங்க."

"ம்."

"அந்தக் கயிறு சேதிதானுங்களா?"

நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

"சண்டைக்குக் கேக்கலீங்க. அவுங்க முன்னால நான் ஒண்ணும் சொல்லுலையே. இன்னொரு நா கயிறு வெட்டுப்பட்டு மேல வந்தா நான் என்னன்னு எடுத்துக்கறது? நல்லா இருக்காரு, சேதி அனுப்பறாருன்னு உக்காந்திருக்கறதா? இல்ல ஆளப் போட்டுத் தேடறதா? அதத் தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்."

எட்டு வளைவு கடந்தது. நம்பரைப் பார்த்துக்கொண்டே வந்ததால் சரியாகத் தெரியும்.

"தப்பா வெட்டிட்டேன்" என்றேன். "என் கயிறுன்னு தெரியல."

"கட்டரு மொதல்லயே ஏன் வெட்டல?"

"பலாப்பிஞ்சு."

மடியில் இருந்த பையைப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தாள். முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். சிரிப்பு நின்றுவிட்டது, ஆனால் முந்தானையால் கண்ணைத் துடைப்பது நிற்கவில்லை. அடிவாரம் வரைக்கும் துடைத்துக்கொண்டே வந்தாள்.

கடைசி வளைவில் சொன்னேன்: "வெட்டுப்பட்டு வந்தா ஆளப் போடு."

"சரிங்க" என்றாள்.